முன்சீட்டு வார்

இப்போதெல்லாம் ஆளாளுக்கு நன்றி சொல்கிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றி. பிடிக்காமல் முகத்தில் அடிக்க விட்டாலும் நன்றி. தபால்காரன் நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள்ளேயே நன்றி சொல்லிவிட்டுச் சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுகிறான். என் மருமகள் போனில் ஒருத்தரிடம் நாலு தடவை நன்றி சொல்கிறாள், போனை வைத்ததும் அதே ஆளை வாயார வைகிறாள். கேட்டால், "அது ஒரு மரியாதைக்கு மாமா" என்கிறாள். எனக்கு அந்த மரியாதை புரியவில்லை. நான் நன்றி சொல்லியே ஆக வேண்டியவர்கள் என்று இந்த ஆயுசில் இரண்டே பேர்தான். இரண்டு பேரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்காக மனசில் இல்லை என்று ஆகிவிடாது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற ஒரு தளத்தில் எனக்கு வேலை. நான் பட்டாளத்துக்காரன் இல்லை, கூலிக்கு எடுத்த ஆள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். விமானத்தைத் துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எடுப்பது. அப்புறம் முன்சீட்டு வார் கட்டுவது.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி விமானங்களில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சீட்டு. முன்னால் வாத்தியார், பின்னால் கற்றுக்கொள்கிறவன். இரண்டு சீட்டுக்கும் முன்னால் ஒவ்வொரு குச்சி இருக்கும். குச்சி என்பது நாங்கள் வைத்த பெயர். விமானத்தை ஏற்றுவது, இறக்குவது, சாய்ப்பது எல்லாம் அதுதான். பின்னால் இருக்கிறவன் குச்சியை அசைத்தால் முன்னால் இருக்கிற குச்சியும் சேர்ந்து அசையும். இரண்டும் அடியில் ஒரே தண்டோடு சேர்ந்தவை. கற்றுக்கொள்கிறவன் முதல் முதலாகத் தனியாகப் போகும்போது முன்சீட்டு காலி. அந்தச் சீட்டில் உட்காருகிற ஆளைக் கட்டுகிற வார்கள் நாலும் சும்மா தொங்கினால், ஆகாயத்தில் ஆட்டம் கண்டு குச்சியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் பின்னால் இருக்கிறவன் என்ன இழுத்தாலும் குச்சி வராது. அதனால் தரையை விட்டுக் கிளம்புமுன் அந்த நாலு வாரையும் இழுத்து, நுனியில் இருக்கிற பித்தளை வளையங்களை ஒரே முளையில் மாட்டி, குறுக்கே முள்ளைச் செருகிப் பூட்ட வேண்டும். ஆளே இல்லாத சீட்டில் ஆள் இருக்கிற மாதிரி கட்ட வேண்டும். கட்டிவிட்டு விமானத்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி, "கட்டியாச்சு!" என்று கத்துவேன். பின்னால் இருக்கிறவன் கையைத் தூக்கிக் காட்டுவான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும், கை ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தனை எல்லாரும் மீசை என்று கூப்பிட்டோம். பத்தொன்பது வயசு. முகத்தில் ஒரு முடி கிடையாது. ஆனால் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் மேலுதட்டைத்தான் முதலில் பார்ப்பானாம். அன்றைக்கு அவன் மூன்றாவது தடவையாகத் தனியாகப் போக வேண்டும். நான் முன்சீட்டுக்குள் குனிந்திருந்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க பாருங்க. இன்னைக்கு எட்டு இருக்கு."

"எட்டு என்ன?"

"முடிண்ணே! கிட்ட வந்து எண்ணிக்குங்க."

"அதுல ரெண்டு புருவத்துல இருந்து உதிர்ந்ததுடா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வயிற்றில் தட்டினேன், "கட்டியாச்சு" என்று கத்தினேன், கட்டையை இழுத்தேன். அவன் போனான்.

தளத்துக்கு மேலே ஒரு சுற்று நன்றாகத்தான் வந்தான். இரண்டாவது சுற்றில் மூக்கு கீழே சாய்ந்தது. இப்போது தூக்குவான், இப்போது தூக்குவான் என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தூக்கவில்லை. வேலிக்கு அப்பால் உழுது போட்டிருந்த நிலத்தில் போய் விழுந்தது. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எரிந்து முடிந்துவிட்டது. துணியும் மரமும்தானே, எவ்வளவு நேரம் எரியும்?

எங்கள் மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டே என் சட்டையைப் பிடித்தார். "முன்சீட்டு வார் கட்டினியாடா?"

"கட்டினேன்."

"நிச்சயமா?"

தட்டியது ஞாபகம் இருந்தது. கத்தியது ஞாபகம் இருந்தது. எட்டு முடி ஞாபகம் இருந்தது. முள்ளைச் செருகியது மட்டும் ஞாபகம் இல்லை. அதற்கு முந்தைய விமானத்தில் செருகியதும் ஞாபகம் இல்லை, அதற்கு முந்தையதிலும் இல்லை. தினம் செய்கிற வேலையை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்?

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரியும் அதையே கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"கட்டினீங்களா இல்லையா? எங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லுங்க."

"தெரியல."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"நீ காலையில கிளம்பும்போது அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சிருப்பேன். வீடு எரியலையே."

"அங்க எரிஞ்சிருச்சே" என்றேன். தட்டில் இருந்ததை நானும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ரைட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தளத் தலைவரின் அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். தட்டச்சு அடித்த ஒரு தாளை என் பக்கமாகத் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு."

"என்ன எழுதியிருக்கு?"

"வார் கட்ட மறந்துட்டேன்னு எழுதியிருக்கு. நீயா ஒத்துக்கிட்டா ரெண்டு மூணு வருஷத்தோட விடுவாங்க. இல்லைன்னா ஏழு. போர்க்காலச் சட்டம்யா, விளையாட்டு இல்ல."

"நான் மறந்தேனான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாத்தியார்மார் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு. மிச்சம் யாரு? நீதானே?"

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் இல்லை. வாரத்துக்கு ஒன்று விழுந்துகொண்டிருந்தது. அடுத்தது விழுவதற்குள் இதை முடித்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், போட்டிருப்பேன். போட்டால் தூங்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் கொக்கு உள்ளே வந்தார்.

விமானம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று பார்ப்பதற்கென்று மேலிடத்தில் இருந்து ஒரு பரிசோதகர் வருவார். நீளமான கழுத்து. விழுந்த இடத்தில் ஒரே இடமாக, ஆடாமல் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். அதனால் கொக்கு. அவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. முந்தின தடவை வந்தபோது நான் துடைத்து வைத்த இன்ஜினில் விரலை விட்டு, கறுப்பு விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினவர்.

தாளை எடுத்துப் படித்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், அது ஃபைலுக்குப் போகணும்" என்றார் ரைட்டர்.

"எனக்குத் தாள் வேணாம். மண்ணு வேணும்" என்றார் கொக்கு. என் பக்கம் திரும்பி, "சலிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கணக்கு ரொம்ப எளிது. வார் எரிந்துபோகும். ஆனால் முளையும் முள்ளும் இரும்பு, வளையம் பித்தளை. பூட்டியிருந்தால் நாலு வளையமும் முளையில் மாட்டிய மேனிக்குக் குறுக்கே முள்ளோடு கிடைக்கும். பூட்டாமல் விட்டிருந்தால் வளையங்கள் திக்குக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். இரண்டு சீட்டுக்கும் இரண்டு பூட்டு. பின்சீட்டுப் பூட்டு முதல் நாளே, மீசை இருந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. அதில் அவன் தன்னைத்தானே ஒழுங்காகப் பூட்டியிருந்தான். இன்னொன்றுதான் வேண்டும். மூக்கு மோதிய வேகத்தில் முன்பக்கம் மண்ணுக்குள் ஆள் உயரம் இறங்கியிருந்தது. சிதறல் வேறு. அவ்வளவு மண்ணையும் சலிக்க வேண்டும், ஒரு கூலிக்காரன் மறந்தானா இல்லையா என்று பார்க்க.

"இவ்வளவையுமாங்க?" என்றேன்.

"உனக்கு வேற வேலை இருக்கா?" என்றார்.

சல்லடையின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். அதிகாரி உடுப்போடு, முழங்கால் வரை சேறு. லேசாகத் தூறிக்கொண்டு வேறு இருந்தது. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்கு முன் மீசையின் அப்பா வந்தார். கொத்தனார். நகக்கண்ணில் எல்லாம் சுண்ணாம்பு. ரைட்டர் அவரிடம் மகனுடைய டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "அந்த இடத்தைப் பார்க்க வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு நேராக நிலத்துக்கு நடந்து வந்துவிட்டார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க உங்களுக்கு இப்படிச் சலிக்கச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "ஈர மண்ணை இப்படி ஆட்டினா உருண்டை உருண்டையா நிக்கும். உள்ளே என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? பரப்பிக் காயப் போடணும்."

கொக்கு நிமிர்ந்து, "நீங்க?" என்றார்.

"பையனோட அப்பா."

நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன். ஓடிவிடலாமா என்று இருந்தது. கொக்கு மூடி மறைக்கிற ஆள் இல்லை. என்ன தேடுகிறோம், எதற்குத் தேடுகிறோம் என்று அவருக்கு முழுசாகச் சொன்னார். கடைசியில் என்னைக் காட்டி, "இவன்தான் அந்த விமானத்தைத் தயார் பண்ணினவன்" என்றார்.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "கட்டினியாப்பா?"

எல்லாரும் கேட்ட கேள்விதான். மேஸ்திரிக்கு ஆமாம் வேண்டும், ரைட்டருக்கு இல்லை வேண்டும். இவருக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். "பிடி அந்தப் பக்கம்" என்றார்.

மண்ணைப் பரப்பினோம். காய்ந்ததைச் சலித்தோம். அவர் கை பட்டதும் சல்லடையே வேறு மாதிரி ஓடியது. நான் இழுத்தால் அவர் தள்ளினார், நான் தள்ளினால் அவர் இழுத்தார், மாவு மாதிரி விழுந்தது மண். சாயங்காலம் வரைக்கும் அவர் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்க பையனை நாங்க மீசைன்னுதான் கூப்பிடுவோம்."

"அவனுக்கு மீசையே வராதே!"

"அதனாலதாங்க."

அவர் சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் மண் குவியல் மேலேயே உட்கார்ந்து முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டார். கொக்கு வேறு பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றார். நான் சல்லடையைப் பிடித்தபடியே நின்றேன், அவர் எழுந்து வந்து மறுபக்கம் பிடிக்கிற வரைக்கும்.

மூன்றாம் நாள் காலையில் தளத் தலைவர் ஜீப்பில் வந்து, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி இரண்டு குவியல். சாப்பாட்டு நேரத்தில் ஒரு குவியல் முடிந்திருந்தது. ஒன்றும் இல்லை. ஒரு வளையம்கூட இல்லை. மேஸ்திரி எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். அவர் பேசிய விதத்திலேயே, என் வீட்டுக்காரியை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்த்தேன். விமானம் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியல் ஒன்று இருந்தது. இதுவரை விழுந்து எரிந்த விமானங்களின் மிச்சம் எல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். அந்தப் பக்கத்தில் இருந்து கொக்கு வந்துகொண்டிருந்தார், கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே.

கடைசிக் குவியலில் முதல் கூடை அள்ளும்போது கொத்தனார் நின்றார். "இது புதுசாக் கிளறின மண்ணு மாதிரி இருக்கே" என்றார்.

"நான்தான் கிளறினேன், காயறதுக்கு" என்றார் கொக்கு.

கொத்தனார் கூடையைச் சல்லடையில் கொட்டினார். சலித்தோம். நாலாவது கூடையில் டங் என்று ஒரு சத்தம்.

நாலு வளையம். முளை. குறுக்கே முள். எல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. கொத்தனார்தான் எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் துரு ஒட்டியது. மூன்று நாள் ஈர மண்ணில் கிடந்தால் இரும்பு துருப் பிடிக்கும்தான். அவ்வளவு பிடிக்குமா என்பது வேறு விஷயம். அவர் துருவைப் பார்த்தார். அப்புறம் கொக்கைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கொக்கு தன் பூட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொத்தனார் அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"கட்டியிருக்கேப்பா" என்றார்.

அவ்வளவுதான். ரைட்டர் அடித்த தாளைக் கொக்கு பையில் இருந்து எடுத்து, நாலாகக் கிழித்தார். விமானம் ஏன் விழுந்தது என்பதற்கு ஏதோ காரணம் எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதினார்கள் என்று என்னிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

கொக்கு கிளம்புமுன் நான் போய் நின்றேன். கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வேறு வந்தது.

"ஐயா, மத்தியானம் இரும்புக் குவியல் பக்கம் எதுக்குப் போனீங்க?"

"ஒண்ணுக்குப் போனேன்."

"கக்கூஸ் அந்தப் பக்கம் இருக்குதுங்களே?"

"உனக்கு வாய் நீளம்" என்றார் கொக்கு. "கையை ஒழுங்கா வெச்சுக்கோ, போதும்."

ஜீப் போய்விட்டது. கொத்தனாரின் பெட்டியை நான்தான் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சுமந்து போனேன். அவர் வேண்டாம் என்றார், நான் கொடுக்கவில்லை. பாதி வழியில் அவரிடமும் கேட்டேன்.

"நீங்க நம்புறீங்களா?"

"எதை?"

"நான் கட்டினேன்னு."

அவர் நடந்துகொண்டே இருந்தார். "உனக்குப் பிள்ளை இருக்கா?"

"இனிமேதான். இன்னும் ரெண்டு மாசம்."

"போய் வீட்டைப் பாரு" என்றார். "பஸ் வருது, பெட்டியைக் குடு."

கேட்டதற்குப் பதில் அது இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு வீடு இருந்தது, போனேன். வீட்டுக்காரி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவள் அழுதுகொண்டே பரிமாறினாள், நான் மண் வாசனை அடிக்கிற கையால் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டின் ருசி எனக்கு அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் மகன் பிறந்தான். முதல் தடவை கையில் வாங்கியபோது, ஜெயிலில் இருக்க வேண்டியவன் இங்கே இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் நடந்ததை, விழுந்ததை, பள்ளிக்கூடத்தில் இருந்து மூக்கு உடைந்து வந்ததை, எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தேன். ஏழு வருஷம் எனக்கு இனாம். அதைக் கொடுத்தது அந்த இரண்டு பேர்.

அவர்கள் கொடுத்ததுக்கு நானும் ஏதோ செய்தேன். மறுநாளில் இருந்து வார் கட்டியதும் தட்டிவிட்டுப் போவதில்லை. பின்சீட்டில் இருக்கிறவனை இறங்கி வரச் சொல்லி, அவன் கையாலேயே முன்சீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்க வைத்தேன். முணுமுணுத்தார்கள். "என்னண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி ஏறி ஏறி இறங்கச் சொல்றீங்க?" என்றான் ஒருத்தன். "இறங்காட்டி கட்டையை எடுக்க மாட்டேன்" என்றேன். போர் முடிகிற வரைக்கும் எங்கள் தளத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன மாதம் அந்த இடத்தில் ஒரு கல் நட்டார்கள். பயிற்சியில் செத்துப்போனவர்கள் பெயரை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருக்கிறவன் நான் ஒருத்தன்தானாம், வந்தே ஆக வேண்டும் என்று என் மகனைப் பிடித்து என்னை இழுத்து வரச் செய்தார்கள். கல்லில் மீசையின் முழுப் பெயர் இருந்தது. படித்தால் யாரோ ஒரு பெரிய மனுஷன் மாதிரி இருந்தது. மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நான் அந்த வாரைக் கட்டினேனா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றேன். "கட்டினேன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. அதுல ஒருத்தர் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவங்க சொன்னதாலதான் நான் குடும்பத்தோட இருந்தேன். அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை. இறங்கியதும் கல் நட்ட சங்கத்தின் செயலாளர், சின்ன வயசுப் பெண், ஒரு தாளோடு ஓடி வந்தாள். பழைய ஆவணங்களில் இருந்து தேடி எடுத்தாளாம்.

"ஐயா, இனிமே நீங்க சந்தேகப்படவே வேணாம். பாருங்க, விசாரணை அறிக்கை. முதல் நாள் பரிசோதனையிலேயே ரெண்டு பூட்டும் பூட்டின நிலையில கிடைச்சுதுன்னு தெளிவா எழுதியிருக்கு."

"மூணாம் நாள்மா."

"இல்லைங்கய்யா, முதல் நாள்னுதான் இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். முதல் நாள் என்றுதான் இருந்தது. கீழே கொக்கின் கையெழுத்து. பொய்தான். ஆனால் எந்தப் பொய்? எழுதுகிறவன் சோம்பலில் மூன்று நாளை ஒரு நாளாக்கிய பொய்யா? இல்லை, மூன்று நாள் சலித்தும் கிடைக்காதது கடைசியில் எப்படிக் கிடைத்தது என்று யாரும் பின்னால் கேட்டுவிடக் கூடாது என்று கொக்கு யோசித்து எழுதிய பொய்யா? தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"உங்க மேல தப்பு இல்லைய்யா" என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல பெண்தான். "இப்ப நிம்மதியா இருக்கா?"

"நீ அந்தத் துருவைப் பார்க்கலைம்மா" என்றேன்.

தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். பின்னால் மகன், "அப்பா, போட்டோ எடுக்கணுமாம், நில்லுங்க" என்று கூப்பிட்டான். நிற்கவில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒருத்தனிடம் கேட்டேன். இடது பக்கம் என்றான். இன்னொருத்தனிடமும் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் திரும்பினேன்.